ஒரு டப்பா சாயமும் ஐந்து வீட்டுக் கிணறும்

‘கொஞ்சம் போதும்’ என்று யார் சொன்னாலும் நம்பாத ரகம் நான். ரசத்துக்குப் பெருங்காயம், பரீட்சைக்கு அடிஷனல் ஷீட் என்று எல்லாவற்றிலும் அப்படித்தான். அதனால் பெரிய கேடு எதுவும் வந்ததில்லை, ஒரு கிணற்றில் கை வைக்கும்வரை. (ஏற்கெனவே கெட்டுப்போன கிணறுதான். ஆனாலும்.)

திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் ஆறு பேராக ஓர் அறையில் கிடந்த காலம் அது. மற்ற ஐவரும் கார் பாகம் செய்யும் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போனார்கள். நான் மட்டும் நிலத்தடி நீரைச் சோதிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் டிரெய்னி.

ஒரகடம் பக்கம் ஒரு பழைய கல்குவாரி. கல் தீர்ந்ததும் பள்ளத்தை மூடாமல் போய்விட்டார்கள். அதில் யார் யாரோ லாரியில் கழிவு டிரம்களைக் கொண்டுவந்து தள்ளியிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் இருந்த வசந்தா அக்காவின் கிணற்றில் பெயிண்ட் தின்னர் வாடை அடித்தது. ஐந்து வீடுகள் அந்தக் கிணற்றை நம்பியிருந்தன. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினாலும் குளிக்க, துவைக்க அதுதான். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு.

“மனு குட்து குட்து கை ஓஞ்சிட்ச்சிமா. ரெண்டுக்கும் சம்மந்தமே இல்லன்றாங்க” என்றார் அக்கா, முதல் நாளே.

சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதிகாரிகள் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் உள்ள போர்வெல்லில் சாயத்தை ஊற்ற வேண்டும். பாறை வெடிப்பு வழியாக அது கிணற்றுக்கு வந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். என் மேலதிகாரி குமரவேல் சார் சாய டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நாலே ஸ்பூன். கண்ணுக்குத் தெரியக் கூடாது, மெஷினுக்குத் தெரிஞ்சா போதும்.” பிறகு ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

நான் பள்ளத்தைப் பார்த்தேன். தண்ணீர் தேங்கிக் கடல் மாதிரி கிடந்தது. கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தேன். இதற்கு நாலு ஸ்பூனா? முழு டப்பாவையும் கரைத்து ஊற்றினேன்.

அந்தப் பொடி காய்ந்திருக்கும்போதும் கெட்டியாகக் கரைக்கும்போதும் செங்கல் நிறம், ஈரம் பட்டு நீர்த்தால் கிளிப்பச்சை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்தபோது அடித்த காற்றில் பாதி உடம்பில் பொடி அப்பியிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறி வியர்க்க ஆரம்பித்ததும் நெற்றியிலிருந்து பச்சையாக வழிந்தது.

பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா நகர்ந்து உட்கார்ந்து, “இன்னாமா, பெயிண்ட் ஷாப்பா? மாஸ்க் குடுக்க மாட்டானுங்களா?” என்றார் பரிதாபமாக. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு சொட்டு அவர் புடவையில் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை அக்காவிடமிருந்து போன். “யம்மா, கெணத்தாண்ட ஓடியா. இன்னாமோ ஆயிட்ச்சி.”

போனேன். கிணறு முழுக்கப் பச்சை. வெயிலில் மின்னியது. கொடியில், விடியுமுன் துவைத்துப் போட்ட ஐந்து வீட்டுக் கம்பெனி யூனிஃபார்ம்களும் பச்சையாகத் தொங்கின. “இதப் போட்டுகினு லைன்ல நின்னா சூப்பர்வைசர் இன்னா கேப்பான்?” என்று அக்காவின் கணவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் போலீசுக்குச் சொல்லலாம் என்றார்.

“பயப்படாதீங்க! இது நான் போட்ட சாயம்தான். வெசமில்ல!” என்று கத்தினேன். பெரிய ஆறுதல் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அக்கா சிரிக்கவில்லை. “எப்போ போட்ட?”

“முந்தாநேத்துக்கா.”

“ரெண்டே நாள்ல வந்துட்ச்சா?” கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். “அவனுங்க போட்டது எத்தினி வருசமா வந்துகினு கீதோ. கேன் வாங்கறதுக்கு மின்னாடி, என் பொண்ணுக்கு இதுலதான்மா கஞ்சி காய்ச்சினேன்.”

சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கொடியிலிருந்து துணியை உருவ ஆரம்பித்தார்கள்.

சார் வந்து பார்த்து, “எவ்வளவு போட்ட?” என்றார். “முழுசும் சார்.” அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வழி இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் எந்த வெடிப்பில் எவ்வளவு வருகிறது என்று அளக்க, சாயம் மங்கும்வரை காத்திருக்க வேண்டும். என் கைங்கரியத்தால் சுத்தம் செய்யும் வேலை ஒரு மழைக்காலம் தள்ளிப்போனது. அந்த மழைக்காலம் முழுக்க அந்த ஐந்து வீடும் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நின்றது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிறகு டிரம்களை எடுத்தார்கள். தண்ணீரை இறைத்து, கரி வடிகட்டியில் விட்டார்கள். இன்னும் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் விருந்தாளி யாராவது “காப்பி வேண்டாம், பச்சத்தண்ணி போதும்” என்றால் தீர்ந்தது. அம்மா அடுக்களையிலிருந்து, “ஏட்டி, பச்சத்தண்ணி கேக்காவ! அது ஒன் டிப்பார்ட்மெண்டுல்லா!” என்று குரல் கொடுப்பாள். என் கணவர் புதிதாக வந்தவருக்கு முழுக் கதையையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஷேர் ஆட்டோ அம்மாவின் புடவையில் ஒரு சொட்டு கூடும்.

போன மாதம் வசந்தா அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். “பச்சையெல்லாம் எப்பவோ போயிட்ச்சிமா” என்றார். “இப்போ கண்ணாடி மாறி கீது தண்ணி. அடில கெடக்கற கல்லு தெரிது. குடிக்கத்தான் கூடாதாம்.”