எப்ப வருவீங்க என்று கேட்கச் சொல்லுங்கள்

எருமப்பட்டி மச்சான் சென்னிமலை அவர்கள் சமூகத்துக்கு, நாமக்கல் லாரி மணியன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், வண்டி நலம், பின்டயர் இரண்டு மட்டும் சுமார். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளை நித்யஸ்ரீயும், மேச்சேரியில் வாங்கி வந்த ஆடுகளும் சுகமாக இருக்கக் கும்பிட்டுக்கொள்கிறேன். உங்கள் தங்கை கண்ணாத்தாள் நலமா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. இதைப் போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் நித்யஸ்ரீ படித்துவிடுவாள். அதனால்தான் தபால்.

லாரிக்காரன் பெண்டாட்டி கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியாததல்ல. சாவியைக் கையில் எடுத்தால் "எப்ப வருவீங்க?" நான் தொப்பூர் மலை இறங்கும்போது போன் போட்டு "எங்க இருக்கீங்க, எப்ப வருவீங்க?" நான் நாக்பூரில் டயர் மாற்றிக்கொண்டு கிடந்தாலும் அதே கேள்விதான். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் இப்போது கேட்பதில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் கேன் நிரப்பித் தருகிறாள், பிரஷர் மாத்திரை எடுத்து வைக்கிறாள். நான் சாவியை எடுத்ததும் உள்ளே போய்விடுகிறாள். நான் வாசலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நிற்கிறேன். நீங்கள் கூடப் பிறந்த அண்ணன். அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லி அவளிடம் சொல்லுங்கள். ஏன் நிறுத்தினாள் என்று தெரிந்தால் என்னை அடிக்க வருவீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

எல்லாம் ஒரு துப்பறியும் நாவலால் வந்த வினை. மாற்று டிரைவர் இளஞ்செழியன் சீட்டுக்கடியில் விட்டுப்போனது. ஹைதராபாத்தில் லோடு இறக்க ஆள் வரவில்லை, போனில் டேட்டாவும் தீர்ந்துவிட்டது, எடுத்துப் படித்தேன். அதில் கொலை இல்லை, களவு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கொலை நடக்கப்போகிறது, இதோ நடக்கப்போகிறது என்றே பாதிப் புத்தகம் ஓடுகிறது. ஒரு வியாபாரி, அவன் பெண்டாட்டி, அவள் மேல் அவனுக்குச் சந்தேகம், அதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பறிவாளர். அந்த மனுசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கணவன் வரும் நேரத்தைக் கேட்கிறவள், அவன் வராத நேரத்துக்குத் திட்டம் போடுகிறாள்" என்கிறார். எனக்குப் பகீர் என்றது. அந்த நேரம் பார்த்தா உங்கள் தங்கை போன் செய்ய வேண்டும்? "ஏனுங்க, எப்ப வருவீங்க?" என்றாள்.

ஊருக்கு வந்ததும் லாரியில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டியைக் கழற்றி அவள் ஸ்கூட்டி சீட்டுக்கடியில் மாட்டிவிட்டேன். லாரிக்காரன் புத்தி லாரியளவுக்குத்தானே போகும்? ஆனால் அந்தப் பெட்டி போகிற இடத்தையெல்லாம் நான் லோடு ஏற்றும் ஜவ்வரிசி மில்லிலும் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது மறந்துபோயிற்று. நான் மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன், மில் ஆபீஸ் பெண் தனப்பிரியா கூப்பிடுகிறாள். "அண்ணா, லோடோட ரேசன் கடையில என்னங்கண்ணா பண்றீங்க?" கொஞ்ச நேரத்தில் மறுபடியும். "இப்ப மாவு மில்லு முன்னாடி நிக்குதுங்கண்ணா." அப்புறம் குரலே மாறிவிட்டது. "அண்ணா, அந்தச் சந்துல ஆட்டோவே போகாதுங்களே, பதினாலு சக்கர வண்டி எப்படிங்கண்ணா நொழஞ்சுது?" சிக்னல் கோளாறு சாமி, சிக்னல் கோளாறு என்று சமாளித்தேன். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. போனில் பார்த்தால், வியாழக்கிழமையானால் ஸ்கூட்டி பரமத்தி வேலூர் போகிறது. காவிரிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. சாயங்காலம்தான் அங்கிருந்து கிளம்புகிறது.

அடுத்த வியாழன், லோடு வண்டியைச் சேலம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் போட்டுவிட்டு பஸ் மாறி பஸ் ஏறி வேலூர் போனேன். அந்த வீட்டுக்கு எதிரே வெற்றிலைக் கொடிக்கால். நாவலில் துப்பறிவாளர் மரத்துக்குப் பின்னால் நின்றால் ஒரு ஈ காக்கை பார்ப்பதில்லை. நான் மங்கிக் குல்லா போட்டுக்கொண்டு கொடிக்காலுக்குள் நின்றேன், வாய்க்கால் சேற்றில் ஒரு செருப்பு போயிற்று, அதைக் குனிந்து தேடும்போது தோட்டக்காரர் பிடரியைப் பிடித்துவிட்டார். "ஆருடா நீ? பட்டப்பகல்ல குல்லாப் போட்டுக்கிட்டு வெத்தல திருடறயா?" அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து பொம்பளைகள் கும்பலாக ஓடிவந்தார்கள். எல்லோர் கையிலும் ஊசி, பாசி, ஜரிகை நூல். டெபோரா டீச்சர் நடத்தும் ஆரி ஒர்க் வகுப்பு மச்சான் அது! கல்யாண ஜாக்கெட்டுக்குப் பூவேலை சொல்லித் தருகிறார்களாம். தோட்டக்காரர் என் குல்லாவை உருவி, "இந்த ஆளை ஆருக்காச்சும் தெரியுமாங்க?" என்றார். கூட்டத்தில் கண்ணாத்தாள் நின்றாள். சேற்றைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், அப்புறம்தான் என் மூஞ்சியைப் பார்த்தாள். "எங்க ஊட்டுக்காரருங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை நேரம் ஆயிற்று என்பதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

வெற்றிலை வாங்க வந்தேன் என்று ஏதாவது புளுகியிருப்பேன். அதற்குள் தனப்பிரியா கூப்பிட்டுவிட்டாள். சேற்றுக் கை பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது. "அண்ணா, வண்டி வேலூர்ல கொடிக்காலுக்கிட்ட நிக்குதுங்க, எங்க மூட்டையெல்லாம் எங்கீங்கண்ணா?" உங்கள் தங்கை நம் இருவரைப் போல மண்டு அல்ல. நேரே போய் ஸ்கூட்டி சீட்டைத் தூக்கினாள், பெட்டியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "ஆரி ஒர்க் கத்துக்கப் போறேன்னு போன்ல சொன்னனுங்களே. ம்ம், ம்ம்னீங்க." சொல்லியிருப்பாள். என்ஜின் சத்தத்தில் நான் எல்லாவற்றுக்கும் ம்ம் கொட்டுகிறவன். அவள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஊர் வந்தேன். வழியில் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "எப்ப வருவீங்கன்னு கேட்டது, நீங்க உசுரோட இருக்கறீங்களான்னு தெரிஞ்சுக்கத்தானுங்க. அது உங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்குது. இனிமே கேக்கலீங்க." திட்டியிருந்தால் தேவலாம். நாலு பேர் பார்க்க என்னை அறைந்திருந்தால்கூடத் தேவலாம்.

மீதி நாவலை நேற்றுப் படித்து முடித்தேன். அந்த வியாபாரி பெண்டாட்டி ஒரு பாவமும் அறியாதவளாம். கொலையும் நடக்கவில்லை, ஒரு மண்ணும் நடக்கவில்லை. துப்பறிவாளர் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுகிறார். அதற்கப்புறம் அந்த வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் எப்படி முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதுதானே மச்சான் வேண்டும்? நானாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ராத்திரி வந்துருவேன் என்றால் "சரிங்க." ரெண்டு நாளாகும் என்றால் "சரிங்க." இனிமேல் வரவே மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க, மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். ஓசூர் டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அழுகை அழுகையாக வருகிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த ரோட்டில் என்னைத் தேட ஒரு ஜீவன் இல்லை. தனப்பிரியாகூட மூட்டையைத்தான் தேடுகிறாள். செய்தது தப்பு. என் ஆயுசுக்கும் உங்கள் தங்கையை இனிச் சந்தேகப்பட மாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம், நித்யஸ்ரீ நன்றாகப் படிக்கவும், அவளுக்கு லாரி வைத்திராத மாப்பிள்ளையாக அமையவும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் தயவை எதிர்பார்க்கும்
மணியன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் கண்ணாத்தாளே போன் செய்துவிட்டாள். "ஏனுங்க, எங்க இருக்கீங்க, எப்ப வருவீங்க?" என்றாள். பழைய குரல், அதே குரல். டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்றும் பாராமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனவே நீங்கள் அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆனால் மச்சான், இத்தனை நாள் கேட்காதவள் இன்றைக்கு எதற்குக் கேட்கிறாள்? அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. "நாளைக்குக் காலைலதான் வாரேன்" என்று வாய் சொல்லிவிட்டது. சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிடுவேன். "அவசரமில்லீங்க, பாத்து மெதுவா வாங்க" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.