ராபினின் அக்கா

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டரின் ஆள், தலை நிமிராமலே வயதைக் கேட்டான். ஆரோக்கியமேரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அவள் வேலை பார்த்த ஷூ கம்பெனியை மூடியதிலிருந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏறி இறங்காத கேட் இல்லை. நாற்பத்தெட்டு என்று வாய் திறந்த இடத்திலெல்லாம், சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேட்டாலொழிய வயதைச் சொல்லாதே என்பது மகன் ராபினின் யோசனை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடு என்றார் கணவர் அந்தோணி. கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், நீ அவ்வளவு கெட்டிக்காரியும் கிடையாது என்பது அவர் கட்சி.

மேரி இரண்டையும் செய்யவில்லை. சும்மா சிரித்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒரு முப்பத்தெட்டு இருக்குமா?"

"அவ்ளோதான் இருக்கும்," என்றாள் மேரி.

ஆதார் ஜெராக்ஸில் பிறந்த தேதி இருந்த இடத்தில் மை அப்பியிருந்தது. அவனுக்கு அன்றைக்கு ஆள் கணக்கு சேர்ந்தால் போதும். மறுநாள் முதல் பெயின்ட் டப்பா மூடிகளைப் பார்த்து அடுக்கும் வேலை. மேரி கவரைப்பேட்டையில் ரயில் ஏறும்போதே பத்து வயது குறைந்தவளாக ஏறினாள்.

அதே கம்பெனியில் ராபினுக்கும் குவாலிட்டி பிரிவில் வேலை கிடைத்ததும்தான் பேஜாரு பிடித்தது.

முதல் நாளே பையன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டான். மேரி அதைத் தன் பையில் கொண்டுவந்து கேண்டீனில் அவன்முன் வைத்தாள். பக்கத்து மேசையில் அவளோடு மூடி அடுக்கும் பவுலினா இருந்தாள். யாரென்று கேட்டாள். முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு இருபத்தாறு வயதில் மகன் என்றால் கணக்கு இடிக்கும்.

"என் தம்பி," என்றாள் மேரி.

ராபின் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "தேங்ஸ்க்கா," என்றான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பவுலினாவின் தங்கை ஜெனிபரும் அதே லைனில்தான் வேலை பார்த்தாள். ஜெனிபர் அடுக்கும் மூடிகளை மட்டும் ராபின் ஒன்றுக்கு இரண்டு தடவை பரிசோதிக்க ஆரம்பித்தான். விஷயம் பவுலினாவுக்குத் தெரிந்து, அவள் ஒருநாள் டீ நேரத்தில் மேரியை ஓரமாகக் கூப்பிட்டாள். சின்னஞ்சிறுசுகளுக்குப் பிடித்திருக்கிறது, பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம், உங்கள் அம்மாவிடம் நானே வந்து பேசட்டுமா என்றாள்.

"அம்மா தவறிட்டாங்க," என்றாள் மேரி. தன்னை ஒரே வாக்கியத்தில் அடக்கம் செய்துவிட்டாள்.

பவுலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்களுக்கும் அம்மா இல்லை, அப்பாதான் எல்லாம் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மேரியின் அம்மாவுக்கென்று ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். தன் ஆத்துமம் சாந்தியடைய மேரியும் பக்கத்தில் முழந்தாளிட்டு வேண்டிக்கொள்ளவேண்டியதாயிற்று.

எழுந்திருக்கும்போது பவுலினா அடுத்த கேள்வியைப் போட்டாள். "உங்க ஊட்டுக்காரரு எங்க கீறாரு, மேரிக்கா?"

"துபாய்ல."

அன்று சாயங்காலம் மேரி நடந்ததையெல்லாம் அந்தோணியிடம் சொன்னாள். நரைத்த தலையும் நரைத்த மீசையுமாக அவர் பொறுமையாகக் கேட்டார். ராபினுக்கு அப்பா என்றால் மேரிக்கும் அவர்தான் அப்பா. மேரியின் புருஷனாக அவர் துபாயில் இருக்கிறார்.

"ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்பிடி மேரி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

மகன் கல்யாணம் என்பதால் ஒத்துக்கொண்டார். கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தபோதுதான் மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது.

பெண் வீட்டார் வந்தார்கள். ஜெனிபர், பவுலினா, அவர்களுடைய அப்பா பாக்கியநாதன். அவரும் தலை வெளுத்தவர்தான். வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்செல்லாம் பவுலினாதான். மேரி, "அப்பா, காபி எடுத்துக்கோங்க," என்று தட்டை நீட்டியதும் அந்தோணிக்குப் புரையேறியது. ராபின் முதுகைத் தட்டினான்.

கோயில், தேதி, சாப்பாடு எல்லாம் ஒருவழியாகப் பேசி முடிந்தது. கல்யாணத்துக்காவது துபாய்க்காரர் வருவாரா என்று பவுலினா கேட்டாள். லீவு கிடைக்காது என்றாள் மேரி. பவுலினாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தோணியின் பக்கம் திரும்பிப் பிடித்துக்கொண்டாள். தங்கமான பெண்ணை இப்படிப்பட்ட ஒருவனுக்கா கட்டிக் கொடுத்தீர்கள், சொந்த மச்சான் கல்யாணத்துக்கு வராதவன் எல்லாம் ஒரு மனுஷனா, வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, மேரிக்கா எவ்வளவு கஷ்டப்படுகிறாள் தெரியுமா என்று விடாமல் கேட்டாள்.

அந்தோணி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளு அவ்ளோ மோசம் இல்லம்மா," என்றார் மெதுவாக. "இவளுக்கு வேல போனப்ப, தெனம் ஒவ்வொரு கேட்டா கூடவே போய் வெயில்ல நின்னுக்கினு இருந்தவந்தான்."

மேரி அவரைப் பார்த்தாள். இந்த மனுஷனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு என்ன வேலை வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றிவிட்டது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"பவுலினா, நான் சொல்றத நீங்க மன்னிக்கணும். ராபின் என் தம்பி இல்ல, என் புள்ள. இவரு என் அப்பா இல்ல, என் ஊட்டுக்காரரு. எனக்கு வயசு நாப்பத்தெட்டு. வேலைக்காகச் சொன்ன பொய்யி, இவ்ளோ தூரம் வந்துடுச்சி. கம்பெனில சொல்றதுன்னா சொல்லிடுங்க. ஆனா பொய் சொல்லிப் பொண்ணு எடுக்க என்னால முடியாது."

அந்தோணி எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்துவந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

ராபின் ஜெனிபரைப் பார்த்தான். ஜெனிபர் பவுலினாவைப் பார்த்தாள். பவுலினா தரையைப் பார்த்தாள். சம்பந்தம் இத்தோடு போயிற்று என்றுதான் மேரி நினைத்தாள்.

பாக்கியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பவுலினா என் பெரிய பொண்ணு இல்ல, என் சம்சாரம்."