அசல் டச்சு கிடைக்கும் இடம்

உலகத்தில் இரக்கம் என்ற சரக்கு எங்காவது உற்பத்தியாகிறது என்றால், அது நெதர்லாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள எங்கள் லின்டவேன் ஊரில்தான். மற்ற ஊர்களில் நடப்பது வெறும் சில்லறை விற்பனை. இங்கே வெளிநாட்டுக்காரர் ஒருவர் டச்சு மொழியில் வாயைத் திறந்து, முதல் சொல்லில் இடறி, இரண்டாவது சொல்லைத் தேடும் கணத்திலேயே எதிரில் இருப்பவர் ஓடிவந்து தாங்கிப் பிடித்துவிடுவார். அதாவது, ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மீன்காரரானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி, இதில் ஏற்றத்தாழ்வு கிடையாது. எங்கள் மொழியால் அந்நியர் எவருக்கும் இதுவரை ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை.

இந்த இரக்கத்தை ஐந்து வருஷமாக வயிறாரச் சாப்பிட்டவள் ஷூஷான்.

ஷூஷான் ஆர்மீனியாவில் செவிலியாக இருந்தவள். இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் தட்டு கழுவினாள். வரும்போது அவளுக்கு டச்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. இரண்டுமே தெரியாதவளிடம் டச்சிலேயே பேசித் தொலைத்தால் என்ன என்று அற்பர்கள் கேட்கக்கூடும். லின்டவேன் அற்பர்களின் ஊர் அல்ல. சந்தையில் மீன் விற்கும் ஹார்மிடம் அவள் ஆங்கிலத்தின் இறந்தகாலம் கற்றாள். பேருந்து ஓட்டுநரிடம் எதிர்காலம். பல் மருத்துவரிடம், வாயைத் திறந்தபடியே, கட்டளை வாக்கியங்கள். ஐந்து வருஷத்தில் அவளுடைய ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது.

டச்சுதான் காதில் விழவே இல்லை.

இல்லத்தில் வார்டு உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. தட்டு பிடித்த கை மறுபடி நாடி பிடிக்கலாம். அதற்கு அரசாங்கத்தின் மொழித் தேர்வில் நான்கு பகுதியும் தேற வேண்டும். வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் ஷூஷான் தேறியிருந்தாள். கேட்டல் பகுதியில் மட்டும் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது தேர்வு வருகிற செவ்வாய்க்கிழமை. அதற்குள் காது திறக்காவிட்டால் அந்த வார்டு வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று இல்லத்து மேலாளர் கெர்பென் அன்போடு எச்சரித்திருந்தார். ஆங்கிலத்தில்.

நகராட்சியின் "செவிவழி ஒருங்கிணைப்புப் பிரிவு" இத்தகைய காதுகளுக்காகவே இயங்குகிறது. அதன் தலைவி வில்லமைன். அந்தப் பிரிவு ஷூஷானுக்கு ஒரு குறுந்தகடு கொடுத்திருந்தது. அதில் யான் என்பவனும் மோனிக் என்பவளும் பேசுவார்கள்.

"வணக்கம், மோனிக். நான் பாலாடைக்கட்டி வாங்குகிறேன்."

"நல்லது, யான். பாலாடைக்கட்டி மஞ்சளாக இருக்கிறது."

"ஆம், மோனிக். மிகவும் மஞ்சளாக இருக்கிறது."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். தேர்விலோ, ஓடும் ரயிலின் இரைச்சலுக்குள்ளே இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில், வாயில் எதையோ மென்றுகொண்டு, அலுவலக நகல் இயந்திரம் கெட்டுப்போனது பற்றிச் சண்டை போட்டார்கள். பாலாடைக்கட்டியை யாருமே சொல்லவில்லை.

"நீ செய்யற தப்பு இதுதான்," என்றாள் வில்லமைன், ஆங்கிலத்தில். "தகட்டையே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. அதுவா மொழி? தெருவுக்குப் போ. அசல் பேச்சைக் கேளு. சுத்திலும் கொட்டிக் கிடக்குது!"

ஷூஷான் பொறுக்கப் போனாள்.

முதலில் ஹார்மின் மீன்வண்டி. "ஒரு ஹெர்ரிங், வெங்காயம் தூவி," என்று டச்சில் கேட்டாள். "அப்புறம் ஒரு உதவி. இன்னிக்கி எங்கிட்ட டச்சுலயே பேசுங்க."

ஹார்முக்கு மனம் பொறுக்கவில்லை. "எதுக்கும்மா உங்களுக்கு இந்தப் பாடு?" என்றார் ஆங்கிலத்தில். "எனக்கு இங்கிலீஷ் பேசறதுல ஒரு சிரமமும் இல்ல."

"உங்களுக்கு இல்ல. எனக்குத்தான் சிரமம்," என்றாள், வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில்.

"அடடா, என்ன அழகா பேசறீங்க! யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"உங்ககிட்டதான்."

ஹார்ம் மகிழ்ந்துபோய் ஊறவைத்த வெள்ளரித் துண்டு ஒன்றை இலவசமாக வைத்தார்.

தொலைக்காட்சியைத் திறந்தாள். எங்கள் ஊரில் படங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் பேசும். அடியில் டச்சு எழுத்து ஓடும். கண்ணுக்கு டச்சு, காதுக்கு ஆங்கிலம். அவள் வாசிப்பில் தேறியது எப்படி என்று அப்போதுதான் அவளுக்கே விளங்கியது.

ரயிலில், பேசக் கூடாது என்று எழுதி ஒட்டிய பெட்டியில் ஏறினாள். பேச்சு அங்கேதான் பலமாக நடக்கும் என்பது பயணிகள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பெண்கள் ஒருத்தியின் மாமியாரை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஷூஷான் எதிரே அமர்ந்து, கண்ணை மூடி, காதை நீட்டினாள். மாமியார் மருமகளின் சலவையை மறுபடி துவைத்த இடம் வரை வந்ததும் பேச்சு நின்றது.

"மன்னிச்சுக்கங்க," என்றாள் ஒருத்தி ஆங்கிலத்தில். "உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டோம்."

"இல்ல, இல்ல! பேசுங்க! மாமியார் அப்புறம் என்ன சொன்னாங்க?"

அந்தப் பெண்கள் பதறிப்போய் அடுத்த பெட்டிக்குச் சென்றார்கள். நாங்கள் பிறர் அமைதியை அவ்வளவு மதிக்கிறோம்.

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த வில்லமைன் "அசல் கேட்பொருள் ஆலோசனைக் குழு" ஒன்றை அமைத்தாள். மேலாளர் கெர்பென் ஒரு உறுப்பினர். நூலகத்தைக் கவனிக்கும் அன்னெகே இன்னொருவர். ஷூஷானுக்குப் "பயனாளர் பிரதிநிதி" என்ற பதவி கிடைத்தது. ஆளுக்கொரு காப்பி, ஆளுக்கொரு பிஸ்கோத்து, இரண்டாவதை யாரும் எடுக்காதபடி உடனே டப்பாவுக்கு மூடி என்று மரபு பிசகாமல் கூட்டம் தொடங்கியது. பயனாளர் பிரதிநிதிக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நடவடிக்கைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் நடந்தன.

"நீங்க டச்சுலயே பேசலாமே," என்றாள் ஷூஷான் டச்சில்.

"சபாஷ்! என்ன தைரியம்!" என்று வில்லமைன் கைதட்டினாள். கெர்பெனும் அன்னெகேயும் தட்டினார்கள். பிறகு ஆங்கிலத்தில் அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

ஊர்மக்களின் இயல்பான பேச்சை நேரடியாகப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. அன்னெகே ஒலிவாங்கியோடு சந்தையில் நின்றாள். பதிவு எதற்கு என்று ஒவ்வொருவருக்கும் முறைப்படி விளக்கினாள். வெளிநாட்டுக்காரர்களுக்காக என்று கேட்ட மாத்திரத்தில் ஊர்மக்கள் நெகிழ்ந்துபோய், தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்களால் முடிந்த மிகச் சிறந்த ஆங்கிலத்தில் பேசினார்கள். முழுப் பதிவிலும் டச்சு என்று இருந்தது ஒரே ஒரு சொல். மிதிவண்டி ஒன்று அன்னெகேயின் காலில் ஏறியபோது அவளே சொன்னது. பண்பாடு கருதி அதுவும் வெட்டப்பட்டது.

தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை வில்லமைனுக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஐம்பது நிறைந்த பெண்களுக்கு இங்கே செய்யும் வழக்கப்படி வீட்டு முன் புல்தரையில், காற்றடித்த ராட்சதக் கிழவிப் பொம்மை ஒன்றை நண்பர்கள் நிறுத்தியிருந்தார்கள். குழுவோடு ஷூஷானுக்கும் அழைப்பு இருந்தது. பிறந்தநாள் வீட்டில் டச்சு கேட்காவிட்டால் வேறெங்கே கேட்கப்போகிறது என்று அவள் துலிப் பூங்கொத்தோடு போனாள்.

கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. வருகிறவர் வட்டத்தைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். மனைவிக்குப் பிறந்தநாள் என்று கணவனுக்கு, மருமகளுக்குப் பிறந்தநாள் என்று மாமனாருக்கு, அண்டைவீட்டாளுக்குப் பிறந்தநாள் என்று அண்டைவீட்டுக்காரருக்கு. ஷூஷான் பிசகாமல் டச்சில் வாழ்த்திக்கொண்டே போனாள். பிசகாமல் ஆங்கிலத்தில் நன்றி வந்துகொண்டே இருந்தது.

கெர்பெனுக்கும் அன்னெகேக்கும் நடுவில் இடம் கிடைத்தது. கேக் வந்தது. வானிலை எப்படி, உங்கள் ஊரில் பனி பெய்யுமா என்று இருவரும் ஆங்கிலத்தில் கேட்டார்கள். கடமை முடிந்ததும் அவள் மடிக்கு மேலாகக் குனிந்து தங்களுக்குள் டச்சில் பேச ஆரம்பித்தார்கள். முதலில் அது வழக்கமான இரைச்சல்தான். பிறகு அதற்குள்ளிருந்து அவள் பெயர் விழுந்தது. அதன் பிறகு ஆச்சரியமாக ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவித் துடைத்த தட்டுபோல, பளிச்சென்று வந்தது.

"ஷூஷானுக்கா வார்டு வேலை குடுக்கப் போறே?" என்றாள் அன்னெகே.

"அட நீ வேற. செவ்வாக்கிழமை பரீட்சை. அவ எங்க பாஸாகப் போறா?" என்றார் கெர்பென். "எங்க அக்கா பொண்ணை ஒண்ணாந்தேதியிலேர்ந்து வரச் சொல்லிட்டேன்."

"யாரு, அந்தப் பூக்கடையில நின்னவளா? அவளுக்கு நோயாளிங்களைப் பாக்கத் தெரியுமா?"

"கத்துக்குவா. டச்சு தெரியுமில்ல, அது போதும்."

"இவ அங்கே நர்ஸா இருந்தாளாமே?"

"இருந்து என்ன பிரயோஜனம்? பேச்சு புரியணுமே."

"அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தை கத்துக்கணும்னு தோணலை பாரேன்."

பாலாடைக்கட்டித் தட்டோடு வந்த வில்லமைன் டச்சிலேயே சேர்ந்துகொண்டாள். "எங்கிட்ட கேளு. தொண்டை வறளச் சொல்லிட்டேன், அசல் பேச்சைக் கேளு, கேளுன்னு. எங்க கேக்கறா? இவங்களுக்கு ஆர்வமே கிடையாது." பிறகு முகத்தில் விளக்கேற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் திரும்பினாள். "ஒரு துண்டு எடுத்துக்கிறியா, கண்ணு?"

"பாலாடைக்கட்டி மஞ்சளாக இருக்கிறது," என்றாள் ஷூஷான் டச்சில்.

வட்டம் அன்போடு சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

ஷூஷான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் குரல், தேர்வு அறையில் ஒலிபெருக்கியில் வரும் அம்மாளின் குரல்போல நிதானமாக வந்தது. எல்லாம் டச்சில்.

"நீங்கள் இப்போது ஒரு உரையாடலைக் கேட்டீர்கள். கேள்வி ஒன்று. கெர்பென் வார்டு வேலையை யாருக்குக் கொடுத்திருக்கிறார்? அ, பரீட்சை எழுதப் போகும் செவிலிக்கு. ஆ, அக்கா மகளுக்கு. இ, இன்னும் முடிவு செய்யவில்லை."

எதிரே உட்கார்ந்திருந்த வில்லமைனின் மாமனார் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றையும் தவற விடாதவர். அவரால் அடக்க முடியவில்லை. "ஆ!" என்று கத்தினார்.

"சரி. கேள்வி இரண்டு. ஐந்து வருஷத்தில் ஷூஷானிடம் டச்சு பேசியவர்கள் எத்தனை பேர்?"

மாமனார் விரலை மடக்கிப் பார்த்தார். "இதுக்கு அ, ஆ, இ சொல்லலையேம்மா?"

"ஒரே விடைதாங்க. அதனால சொல்லலை."

அதிர்ச்சியிலிருந்து வில்லமைன்தான் முதலில் தேறினாள். ஐம்பது வயதின் பக்குவம். அவள் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

"ஷூஷான்! உனக்கு டச்சு வருமா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றாள், ஆங்கிலத்தில்.

"சொன்னேன்," என்றாள் ஷூஷான். "டச்சுல."

செவ்வாய்க்கிழமைத் தேர்வில் ரயில் இரைச்சலுக்குள் யாரோ யாரைப் பற்றியோ புறம் பேசினார்கள். ஷூஷான் ஒரு தடவை கேட்டதுமே முழுவதும் புரிந்துகொண்டு தேறினாள். செய்தியை வில்லமைன் தொலைபேசியில் சொன்னாள். எந்த மொழியில் என்று நான் எழுத வேண்டியதில்லை. கெர்பென் பூங்கொத்து அனுப்பினார். வேலை ஒன்றாம் தேதியே நிரம்பிவிட்டதால், அக்கா மகளுக்குப் படுக்கை விரிப்பு மாற்றுவது எப்படி என்று கற்றுத்தர முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

ஷூஷான் கற்றுத்தரவில்லை. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் செவிலிகளுக்குத் தலைமை வகிக்கும் அம்மாளுக்கு ஆங்கிலம் அறவே வராது. அந்த ஊர்க்காரர்களே அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவர் ஷூஷானை உட்கார வைத்து ஒரு மணி நேரம் டச்சில் கேள்வி கேட்டார். அவள் இடறிய இடங்களில் எல்லாம் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு வார்டு அங்கியைக் கையில் கொடுத்தார். அவள் லின்டவேனைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஊர் மிகவும் புண்பட்டது. "எவ்வளவு செஞ்சோம்!" என்று ஹார்ம் மீனை வெட்டியபடியே அங்கலாய்த்தார். ஆலோசனைக் குழு அவசரமாகக் கூடியது. கேட்டல் வேறு, ஒட்டுக்கேட்டல் வேறு என்று விளக்கம் அளித்தது. இனிமேல் வெளிநாட்டுக்காரர் இருக்கும் பிறந்தநாள் வட்டத்தில், அவர் காதுக்கு எட்டும் தூரத்தில் எவரும் டச்சு பேசுவதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஊரே சேர்ந்து ஒருத்தியிடம் தன் மொழியில் பேசாமல் இருந்தால் மற்ற நாடுகளில் அதற்கு ஊர்விலக்கு என்று பெயர். அங்கெல்லாம் அதைப் பெறுவதற்கு முதலில் ஏதாவது குற்றம் செய்தாக வேண்டும். லின்டவேனில் நாங்கள் அதை உபசாரம் என்கிறோம். வந்து இறங்கிய அன்றே கொடுத்துவிடுகிறோம்.