மைனர் குதிரைக்குப் பார்த்த பேறுகாலம்

'தெரியாது' என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்விகளுக்குக்கூட எதையாவது சொல்லி அடி வாங்கினேனே தவிர, தெரியாது என்று கைகட்டி நின்றதில்லை. படிப்பு அதோடு சரி. அப்புறம் தேனிச் சந்தையில் மூட்டை தூக்கி, ஜட்கா ஓட்டி, லாரி வாங்கி, நாலு பேர் எழுந்து நின்று கும்பிடும் அளவுக்கு வந்துவிட்டேன். (நாற்பது பேர் என்றுதான் எழுதினேன். பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்ட என் சம்சாரம் குறைக்கச் சொல்லிவிட்டாள்.)

யுத்தத்துக்கு முன்னால் நடந்தது இது. கல்யாணமான புதிதில் சம்சாரம் பேச்சியம்மாளின் கழுத்துச் சங்கிலியை விற்று ஓர் இளங்குதிரை வாங்கினேன். மைனர் என்று பெயர் வைத்தேன். பெயருக்கேற்ற நடத்தை. ரயிலடியில் பெட்டைக் குதிரையைப் பார்த்துவிட்டால், பின்னால் வண்டி இருப்பதே அதற்கு மறந்துபோகும். ஒரு நாள் என் மாமனாரையே சாக்கடையில் கவிழ்த்தது. காயடித்துவிடுவது என்று முடிவாயிற்று.

சர்க்கார் மாட்டு டாக்டர் வந்து கச்சிதமாக வேலையை முடித்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஏம்ப்பா, நாளையிலிருந்து காலையும் சாயங்காலமும் நல்லா நடத்து. ஓரிடத்துல கட்டிப் போட்டே, நீர் கோத்து வீங்கிரும். ஈ மொய்க்காமப் பாத்துக்க. ஒரு மாசத்துக்குப் பெட்டைக் குதிரை பக்கம் விடாதே. அறுத்தாலும் பழைய நினைப்பு உடனே போகாது."

"இது எனக்குத் தெரியாதுங்களாய்யா" என்றேன்.

அவர் தெருமுனை தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அறுத்த உடம்பை நடக்கவிடச் சொல்கிறாரே, இவரெல்லாம் படித்த மனுஷரா? என் அக்கா நாலு பிள்ளை பெற்று எழுந்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான். (கூட என்றால், வாசலில்.) குதிரைக் கொட்டத்தைச் சாக்குப் படுதாவால் காற்றுப் புகாமல் அடைத்தேன். வைக்கோல் மெத்தை போட்டேன். இரண்டு வேளையும் சாம்பிராணி. சுக்கும் மிளகும் பூண்டும் கருப்பட்டியும் சேர்த்து மருந்து கிண்டச் சொன்னேன்.

"டாக்டரு நடத்தச் சொன்னாகல்ல?" என்றாள் பேச்சியம்மாள்.

"பச்சை உடம்புடி. நடந்தா சன்னி கண்டுரும்."

"அப்ப பேரு வைக்கிற நாளையும் சொல்லிப்போடுங்க. எங்க அய்யாவுக்கு ஆள் விடணும்."

தெருப் பெண்கள் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். "ஆத்தா பேச்சி, தாயும் பிள்ளையும் சொகமா?" என்றாள் ஒருத்தி.

"தாயி சொகந்தான். பிள்ளைகளைத்தான் டாக்டரு எடுத்துட்டுப் போயிட்டாக."

நான்காம் நாள் எல்லாருடைய சிரிப்பும் நின்றது. வீக்கம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. மைனர் பின்னங்கால்களை அகட்டி நின்றபடி நடுங்கியது. கொள்ளை மோந்துகூடப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் கழுத்தில் சங்கிலி கிடந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் சாம்பிராணிப் புகையில் இருமிக்கொண்டே உள்ளே நுழைந்தார். படுதாவைப் பிய்த்தெறிந்தார். மூடிக்கொண்டிருந்த புண்ணைத் திறந்து, தேங்கியதை வடித்துக் கழுவினார். "இனி நடந்தாப் பொழைக்கும். நின்னாப் போயிரும். அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் காலை இழுத்தேன், கெஞ்சினேன், காலில் விழாத குறை. சந்தை முனைக்கு வரவே ஒரு மணி நேரம். எதிர்பாராமல் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று கயிற்றை மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தேன். அந்த நேரம் பார்த்து, ஏலக்காய் மூட்டையை இறக்கிவிட்டுப் போடிக்குத் திரும்பும் பெட்டைக் குதிரை ஒன்று குறுக்கே போனது.

மைனரின் காது நிமிர்ந்தது.

கயிற்றை விட்டால் சங்கிலி போச்சு. விடவில்லை. கத்தரிக்காய்க் குவியல்மேல் ஏறி, கீரைக்கட்டுகள் நடுவே புகுந்து போனோம். என் வேட்டி ஒரு வெங்காய மூட்டையில் மாட்டி அங்கனயே தங்கிவிட்டது. நான் கோவணத்தோடு மேலே போனேன். "ஏலே, யாரு யாரை ஓட்டுறா?" என்று சந்தையே கத்தியது. போடி ரோட்டில் இரண்டு மைல் தாண்டித்தான் பெட்டைக் குதிரையை ஓட்டிப்போனவர் திரும்பிப் பார்த்து நின்றார்.

மைனர் அருகில் போனது. மோந்தது. வந்த காரியம் மறந்துபோனவனைப் போல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குனிந்து ரோட்டோரப் புல்லை மேய ஆரம்பித்தது.

"உன் குதிரைக்கு என்னப்பா வேணுமாம்?" என்றார் அவர்.

"அதுக்கே வெளங்கலண்ணே."

அவர் கொடுத்த காலிச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். ஓடிய ஓட்டத்தில் கெட்ட நீரெல்லாம் வடிந்திருந்தது. ஒரு வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. (வைத்தியமாகத்தான் ஓட்டினேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தோலுரிந்த என் முழங்காலைப் பார்த்தார்.) மைனர் அதற்கப்புறம் ஒன்பது வருஷம் வண்டி இழுத்தது. பேச்சியம்மாள் கழுத்தில் பழையதைவிடக் கனமான சங்கிலி ஏறியது.

போன வருஷம் மதுரையில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார் சின்ன வயசு டாக்டர். பச்சை உடம்பு, முடியாது என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"டாக்டரய்யா, நீங்க ஏன் தொண்டத்தண்ணி வத்தப் பேசுறீக?" என்றாள் பேச்சியம்மாள், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "எதிர்த்தாப்ல ஒரு பெட்டைக் குதிரையக் கொண்டாந்து நிறுத்துங்க. போடி வரைக்கும் ஓடுவாக."

எழுந்து நடந்தேன்.