தினம் ஒரு மறுப்பு

மலைக்கோட்டைக்குப் பிறகு திருச்சி மாநகரில் எழுந்த மிக உறுதியான கட்டுமானம், மேலப்புதூர் இன்னாசிராஜின் 'தன்னெல்லை'தான். செங்கல்லோ சுண்ணாம்போ இல்லாமல், 1983-ஆம் ஆண்டு தவக்காலத்தில், அலுவலகச் செலவிலேயே அது எழுப்பப்பட்டது.

அலுவலகம் நடத்திய மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர், பிறர் தாண்டக் கூடாத அந்த எல்லையை எழுப்பும் ரகசியத்தைத் தலைமை எழுத்தரான அவருக்கு அருளினார்: "பல் துலக்குவதுபோல, தினம் ஒரு மறுப்பு. சிறிதாகத் தொடங்குங்கள்."

அவரும் சிறிதாகவே தொடங்கினார். திங்களன்று பக்கத்து வீட்டு அடைக்கலராஜுக்குச் செய்தித்தாள் மறுக்கப்பட்டது. செவ்வாயன்று சைக்கிள் பம்பு. புதனன்று, பஸ்ஸில் மணி கேட்ட ஒருவருக்கு, கையில் கடிகாரம் கட்டியிருந்தும் நேரம் மறுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தேதியிட்டு டைரியில் பதிவாயிற்று.

"தவக்காலத்துல எல்லாரும் கறிய விடுவாங்க. நீங்க மனுஷங்களையே விடுறீங்களாக்கும்?" என்றாள் மனைவி பேட்ரிசியா.

அந்தத் தெருவுக்கே ஒரே தொலைபேசி அவர் வீட்டில்தான். தெருக்காரர்கள் உறவினர்களுக்கெல்லாம் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அழைப்பு வந்தால் இன்னாசிராஜ் ஓடிப்போய்க் கூப்பிடுவது எட்டு வருட வழக்கம். சனிக்கிழமை வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'பிறருக்கான அழைப்புகள் மாலை 5 முதல் 6 வரை மட்டும். ஞாயிறு விடுமுறை.'

ஞாயிறு மதியம் தொலைபேசி அலறியது. லால்குடியிலிருந்து டிரங்க் கால். பேசியவன் எதிர்வீட்டுச் சகாயம்மாளின் மருமகன் சவரிராயன்.

"மாமா, அமலராணிக்கு வலி எடுத்திருச்சு. அம்மா வந்தாத்தான் உள்ள போவேன்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுவுறா. அத்தையக் கொஞ்சம் கூப்பிடுங்க!"

"உங்க உணர்வை நான் மதிக்கிறேன் தம்பி. அதே சமயம் என்னோட எல்லையையும் மதிக்கிறேன்."

"என்ன எல்லை மாமா? வலி, பிரசவ வலி!"

"நாளைக்கு அஞ்சு மணிக்குப் பேசுங்க."

"புள்ள அதுவரைக்கும் பொறுக்குமா?"

"அது புள்ளையோட எல்லை."

டிரங்க் காலுக்குரிய மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது. இன்னாசிராஜ் டைரியைத் திறந்தார். அதற்குள், அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேட்ரிசியா மாவுக் கையோடு தெருவைக் கடந்து ஓடி, சகாயம்மாளை லால்குடி பஸ்ஸில் ஏற்றியே விட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொள்ளத் தாய் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பேரன் பிறந்தான்.

புதன்கிழமை மாலை, அட்டையில் கண்டபடி சரியாக ஐந்து மணிக்கு, சகாயம்மாள் தூக்குவாளியுடன் வாசலில் நின்றார்.

"கஞ்சி கொண்டாந்தேன் அண்ணே. இப்ப ஒடம்பு தேவலைங்களா?"

"எனக்கென்ன?"

"மறைக்காதீங்க. போன்ல நீங்க பேசுனதை மாப்பிள்ளை சொன்னாரு. எங்கண்ணன் நெனவோட இருந்தா அப்படிப் பேசுற ஆளே இல்ல, கடுங்காய்ச்சல்ல பெனாத்தியிருப்பாருன்னு நாந்தான் சொன்னேன். வெயில்ல செருப்புகூடப் போடாம ஓடியாந்து கூப்பிடுற மனுஷனாச்சே!"

காய்ச்சல் இல்லை என்றால், வேறென்ன என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்னாசிராஜ் கஞ்சியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார், சகாயம்மாள் எழுதிக் கொடுத்திருந்த மன்றாட்டை வாசித்தார்: "புத்தி தடுமாறும் அளவுக்கு நோயுற்றிருக்கும் நம் சகோதரர் இன்னாசிராஜ், விரைவில் தம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்று..."

மூன்றாம் வரிசையில், திடகாத்திரமாக முழந்தாளிட்டிருந்தார் இன்னாசிராஜ்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுவதும். எல்லாக் குரல்களுக்கும் மேலாகக் கேட்டது, பேட்ரிசியாவின் குரல்.