எட்டுப் பற்களும் ஒரு பெண் பார்க்கும் படலமும்

டைல்ஸ் கடையில் வேலை பார்ப்பவன் பல் டாக்டரிடம் துணையில்லாமல் போகவே கூடாது. நான் போனேன். அதன் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறேன்.

எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதிலிருந்து அதைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழுந்துவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் முப்பத்தொரு வயது வரை எல்லா போட்டோவிலும் வாயை இறுக மூடிக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்டவன் மாதிரியே நின்றிருக்கிறேன். மூன்று வரன்கள் தட்டிப் போயிருந்தன. காரணம் பல்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். (அம்மா வேறு காரணங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள், அது தனிக் கதை.) நான்காவதாகப் பாலக்கோடு பக்கத்திலிருந்து மல்லிகாவின் போட்டோ வந்தது. பார்த்ததும் பிடித்துவிட்டது. இந்த இடமும் தட்டிப் போனால் தாங்க மாட்டேன் என்று தோன்றியது. மறுநாளே டாக்டர் முன்னால் வாயைப் பிளந்தேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சுத்தம் செய்தால் இந்தக் கறை போகாது. வெளுக்க வைக்கலாம், ஆனால் திட்டுத் திட்டாகத் தெரியலாம். வெனீர் என்றால், பல்லின் முகப்பில் சன்னமான ஓடு ஒட்டுவது. பழைய தரையை உடைக்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டுகிற வேலை! என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கையில் இருந்த காசுக்கு, மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்குத்தான் வழி இருந்தது.

"உங்களுக்கு இந்த நிறந்தாங்க இயல்பா இருக்கும்," என்று மாதிரிப் பற்களில் ஒன்றைக் காட்டினார்.

"இருக்கறதுலயே வெள்ளையானது எதுங்க?"

"அதப் போட்டா ஒட்டவெச்சதுன்னு பளிச்சுனு தெரியுங்க."

"பரவால்லீங்க, அதையே போடுங்க."

(கடையிலும் வருகிறவர்கள் தலையில் தூய வெள்ளையைத்தான் கட்டுவேன்.)

முன்பல்லால் கடினமானதைக் கடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

பெண் வீட்டுப் படியேறும்போதே எட்டையும் காட்டிச் சிரித்தேன். கூடத்தில் எல்லோர் கண்ணும் என் வாய்க்கே வந்தது. முறுக்கு வந்தது. டாக்டர் சொன்னது நினைவில் இருந்ததால், கையால் நொறுக்கி நொறுக்கிக் கடைவாய்க்கு அனுப்பினேன். பெண்ணின் அத்தை இதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போனவர், ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து என் காதருகே குனிந்தார்.

"கூச்சப்படாதீங்க தம்பி. எங்க வூட்டுக்காரரும் பல்செட்டுதான். கழட்டி இதுல போட்டுட்டு நல்லா சாப்புடுங்க."

ரகசியம்தான், ஆனால் கூடம் முழுவதுக்கும் கேட்டது.

மல்லிகாவின் அப்பா தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளைக்கு நெசமாலுமே முப்பத்தொண்ணுதானுங்களா?"

"சத்தியமா அதானுங்க!" என்றாள் அம்மா.

"நம்ம தண்ணியக் குடிச்ச வாயில இவ்ளோ வெள்ள எப்படிங்க வரும்? பல்லெல்லாம் கொட்டிப்போற வயசோன்னுதான் கேக்கறேன்."

இந்த இடமும் போச்சு என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கீழுதட்டை இழுத்துப் பிடித்து, பழுப்பேறிய கீழ் வரிசையைச் சபைக்குக் காட்டினேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக இடமும் வலமும் வேறு திரும்பினேன்.

"ஹொந்தஹ் ஹல்லுங்க!" சொந்தப் பல்லு என்றுதான் சொன்னேன், உதட்டை விடாததால் அப்படி வந்தது.

கதவோரம் நின்ற மல்லிகா வெடித்துச் சிரித்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொள்ளவே இல்லை. அவள் பல்லிலும் அதே பழுப்பு, என்னுடையதைவிட ஒரு பங்கு கூடவே. அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. எட்டுப் பல்லை ஒட்டிக்கொண்டு வந்து நின்ற எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் சொன்னாள்: "நீங்க வந்து சிரிச்சதுமே வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேங்க. நாளைக்கு என்னையும் ஒட்டிக்கச் சொல்லுவீங்களோன்னு பயம். கீழ் வரிசையப் பாத்துத்தான் சரின்னேன்."

மாமனாருக்குத்தான் அன்று சந்தேகப்பட்ட கூச்சம் இன்னும் தீரவில்லை. எந்த விசேஷத்திலாவது யாராவது என் வாயை உற்றுப் பார்த்தால் போதும், முந்திக்கொள்வார்:

"பல்லு மட்டுந்தானுங்க வெளியூரு, ஆளு நம்மூருதான். மாப்ள, கீழ கொஞ்சம் காட்டுங்க."

நானும் இலையிலிருந்து எழுந்து காட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.