மூன்று புள்ளிக் குதிரை

பொம்மைக் குதிரைக்கு வால் அறுந்துபோனால் வால் வைக்கத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோவதுதான் முறை. தாஸ்மேனியாவில் ஓட்லண்ட்ஸ் பக்கத்து ஆட்டுப்பண்ணைக்காரி நரெல் பைபஸ் அந்த முறைப்படிதான் நடந்துகொண்டாள். அவள்மேல் வேறு எந்தக் குற்றமும் சொல்வதற்கில்லை.

குதிரை அவளுடையதல்ல, தங்கை கெர்ரியுடையது. அம்மா இறந்த பிறகு சாமான்களைப் பங்கு பிரித்தபோது அதைக் காணவில்லை. "நீதான் அமுக்கிட்டே" என்றாள் கெர்ரி. "நானா?" என்றாள் நரெல். அன்றைக்கு நின்ற பேச்சு. அதன்பின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வெறும் கையெழுத்து மட்டும் வரும், போகும்.

இப்போது, கம்பளி மூட்டை அழுத்தும் அப்பா காலத்து இயந்திரத்தைக் கணவன் பேரி நகர்த்தியபோது, பின்னால் எலிப் புழுக்கைக்கு நடுவே குதிரை படுத்திருந்தது. நரெல் அதைத் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அடுத்த மாதம் கெர்ரிக்கு ஐம்பது வயது. விருந்துக்குப் போய், குதிரையைக் கையில் கொடுத்து, 'இந்தா, நான் திருடலை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் வாலும் குளம்பின் அடிப்பக்கமும் எந்தக் காலத்து நாயோ கடித்துத் துப்பியவையாக இருந்தன. கொடுப்பதை முழுசாகக் கொடுப்போமே என்று நினைத்தாள். கெட்டது காரியம்.

வால் வைக்கத் தெரிந்தவர் லின்சி கிரிப்ஸ். பழம்பொம்மைக் குதிரைச் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். இந்தச் சங்கத்தாரிடம் 'பொம்மை' என்ற சொல்லை உரக்கச் சொல்லக்கூடாது. நாற்பது நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே அச்சில் வார்த்த குதிரைகள் கிரேக்கத்துக்கு ஒரு நிறம், பிரேசிலுக்கு ஒரு நிறம், இத்தாலிக்கு ஒரு நிறம் என்று போயிருக்கின்றன. எந்த நாட்டு வெளியீடு என்பது குளம்படியில் இருக்கும். பிடரியில் நாலு மயிர் நிறம் மாறியிருந்தால் போதும், வளர்ந்த ஆண்களும் பெண்களும் கல்யாண நகையை விற்றுவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். எல்லா நாட்டுக்கும் ஒரு குதிரை உண்டு, தாஸ்மேனியாவுக்கு மட்டும் இல்லை. பாத்திரம் துடைக்கும் துண்டில் அச்சடிக்கும் ஆஸ்திரேலிய வரைபடத்திலேயே தங்கள் தீவை விட்டுவிடுகிறார்கள் என்று ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருக்கும் ஜனங்களுக்கு இது எவ்வளவு பெரிய புண் என்று சொல்ல வேண்டியதில்லை.

லின்சி பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குதிரையைப் புரட்டினார்.

"பச்சைப் பிடரி. பின்பக்கம் மூணு நீலப் புள்ளி. குளம்புல நாட்டுப் பேரே கிடையாது. நரெல், பேரே போடாம விட்டுடற ஊரு எது?"

"தெரியலையே."

"நாமதான்! நம்மளைத்தான் எல்லாத்துலயும் விட்டுடறானுங்களே!"

"ஐயோ லின்சி, குளம்பை நாய் கடிச்சிருச்சு. எங்கம்மா துணி வெளுக்கிற செப்புக் கொப்பரையில ரெண்டு நாள் ஊறிப் பிடரி பச்சையாயிடுச்சு. புள்ளி எங்கப்பா ஆட்டுக்குப் போடற மை. கெர்ரி குதிரைய மந்தையில சேத்துக்கிட்டா, அவ்வளவுதான்."

"நீங்க சேகரிப்பாளரா?"

"இல்லை."

"அப்போ உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இருங்க."

வால் வைக்கவில்லை. தொலைபேசியை எடுத்தார். மறுநாளே தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து அசையும் மரபுச் சொத்துப் பாதுகாப்பு அலுவலகத்தின் துணை இயக்குநர் பிலிப்பா டான்பரி அம்மையார் வெள்ளைக் கையுறையோடு வந்து இறங்கினார். மேற்படி குதிரையானது மாநிலத்தின் ஒப்பற்ற மரபுச் செல்வம் என்றும், ஆகவே அதை யாரும் வைத்துக்கொள்ளவோ, கொடுக்கவோ, விளையாடவோ கூடாது என்றும் ஆணை பிறப்பித்தார்.

"மேடம், அது என் தங்கச்சியோடது" என்றாள் நரெல்.

"தங்கச்சி பேர்ல ரசீது இருக்கா?"

"அவளுக்கு அப்போ ஏழு வயசு மேடம்!"

"ரசீது இல்லைன்னா அது பொதுமக்களோடது. கவலைப்படாதீங்க. நீங்களும் பொதுமக்கள்ல ஒருத்தர்தானே? செவ்வாய்க்கிழமையில வந்து பார்க்கலாம். இலவசம்."

குதிரை கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பக்கத்தில் ஒரு காவலாளி போனார். அமைச்சர் வந்து, "நம்மை மறந்தவர்களுக்கு இக்குதிரையே பதில்" என்று பேசினார். குதிரை ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கைதட்டியது.

பிறகு ஊருக்குப் பித்துப் பிடித்தது. ஹோபார்ட் சிகை அலங்காரக் கடைகளில் முன்மயிரைப் பாசிப் பச்சையாக்கிக்கொள்ள ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. பெண்கள் பாவாடையின் பின்பக்கத்தில் மூன்று நீலப் புள்ளி வைத்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடைக்காரர்கள் கடல்சிப்பி இறைச்சிப் பணியாரத்தின் மேலும் மூன்று புள்ளி வைத்தார்கள். அது நாக்கில் நீலமாக ஒட்டியது, இருந்தாலும் தாஸ்மேனியப் பற்றுள்ளவர்கள் தின்றார்கள்.

"இந்த அசிங்கத்தை வருஷம் பூரா ஆட்டு முதுகுல போடறேன். ஒருத்தரும் கைதட்டினதில்லை" என்றான் பேரி.

"சிரிக்காதே பேரி. விருந்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. கெர்ரி வேற டிவியில பாத்திருப்பா. அக்கா திருடி அரசாங்கத்துக்கே வித்துட்டான்னு நெனைப்பா."

நெருப்பில் நின்றவள்போலத் தவித்தவளுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. சொன்னால் நம்பாதவர்கள் பார்த்தால் நம்புவார்கள் அல்லவா? பழம்பொருள் கடையில் அதே அச்சுக் குதிரை ஒன்றை வாங்கினாள். அம்மாவின் கொப்பரையில் ஊறப்போட்டாள். பிடரி அச்சு அசலாகப் பச்சையானது. குளம்படியைத் தேய்த்தாள். மை வைக்கும்படி பேரியிடம் கொடுத்தாள். அவன் கை, பழக்க தோஷத்தில், தன் மந்தையின் அடையாளமான ஐந்து புள்ளியை வைத்துவிட்டது.

"அடப் பாவி, எங்கப்பா மந்தைக்கு மூணுதானே!"

"விடு நரெல். எப்படிச் செய்யறதுன்னு காட்டத்தானே போறே? எண்ணவா போறாங்க?"

எண்ணினார்கள். ஹோபார்ட்டில் பிலிப்பா அம்மையாரும் லின்சியும் இரண்டு குதிரைகளையும் மேசைமேல் அக்கம்பக்கமாக நிறுத்திவைத்து, மாறிமாறிப் பார்த்தார்கள். நரெலுக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா? போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக் கொப்பரையில பண்ணினது. ரெண்டும் ஒண்ணுதான். இப்பவாவது தங்கச்சியோடதைக் குடுங்க."

பிலிப்பா அம்மையார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணில்லை. இதுல அஞ்சு புள்ளி, ஒரே அளவு, ஒரே இடைவெளி. நேர்த்தியா இருக்கு. நேர்த்தின்னா தொழிற்சாலை. அதுல மூணு புள்ளி, கோணல்மாணல். யாரோ சின்னப் பிள்ளை கைவேலை மாதிரி தெரியுது."

"சின்னப் பிள்ளை கைவேலைதான் மேடம்! அதைத்தானே முதல்லேர்ந்து சொல்றேன்!"

"நீங்களே ஒப்புக்கறீங்க. அப்போ அது போலி. அஞ்சு புள்ளிதான் அசல் தாஸ்மேனிய வெளியீடு."

"ஐயோ, அஞ்சு புள்ளியையும் நாங்கதான் வெச்சோம்!"

"அம்மா," என்றார் பிலிப்பா அம்மையார், மிகுந்த பரிவோடு, "முதல் குதிரை போலின்னு நீங்க சொன்னதை அலுவலகம் ஏத்துக்கிச்சு. போலி பண்றதை ஒப்புக்கிட்டவங்க அடுத்துச் சொல்ற வார்த்தையை அலுவலகம் எப்படிம்மா நம்பும்?"

லின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மொதல்லயே சந்தேகம்" என்றார்.

போலியை வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு உரிமை கிடையாதாம். வயிற்றில் சிவப்பு மையால் 'போலி' என்று முத்திரை குத்தி, மூன்று புள்ளிக் குதிரையை நரெல் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதானே? ஓடாத குறையாகப் படியிறங்கி வந்தாள். காரில் உட்கார்ந்திருந்த பேரிக்கு முத்தம் கொடுத்தாள். அவனுக்கு அது என்னத்துக்கென்று புரியவில்லை.

அன்று மாலையே செய்தி வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து புள்ளிக் குதிரை ஏறியது. மூன்று புள்ளிப் பாவாடைக்காரிகள் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் கூடுதலாக இரண்டு புள்ளி வைத்துக்கொண்டு, முதலிலிருந்தே ஐந்துதான் வைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை டெவன்போர்ட்டில் கெர்ரி வீட்டில் விருந்து. தோட்டத்தில் இறைச்சி வாட்டும் புகை. கதவைத் திறந்த கெர்ரிக்கு நெற்றிமயிர் பச்சை. நீலச் சட்டை, புதுப் பாவாடை. அவள் திரும்பி நடந்தபோது பின்பக்கத்தில் ஐந்து புள்ளி. நரெலும் எண்ணினாள். ஆனாலும் பெட்டியை நீட்டினாள்.

"கெர்ரி, கம்பளிக் கொட்டகையில கெடந்துது. சத்தியமா நான் எடுக்கலைடி. இந்தா."

கெர்ரி பெட்டியைத் திறந்தாள். முகம் குழந்தை முகமானது. நாய் கடித்த வாலைத் தடவினாள். "அக்கா…" என்றாள். ஆறு வருஷமாகக் கேட்காத சொல். நரெலுக்குக் கண் நிரம்பிவிட்டது. இருவரும் கட்டிக்கொள்ள ஓர் அடிதான் இருந்தது.

கெர்ரி குதிரையைத் திருப்பினாள். எண்ணினாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"இதுல மூணுதான் இருக்கு."

"மூணுதான்டி. நம்ம அப்பா மந்தை அடையாளம். நீதானே உன் கையால வெச்சே?"

"நான் அஞ்சு வெச்சேன்."

"கெர்ரி!"

"என் குதிரை, என் கை, எனக்குத் தெரியாதா? மைக் குச்சியைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சுன்னு எண்ணி வெச்சேன். நேத்து மாதிரி ஞாபகம் இருக்கு. போலின்னு அரசாங்கமே முத்திரை குத்தியிருக்கு. அசலை ஹோபார்ட்ல நீ குடுத்ததையும் டிவியில பாத்தேன். அன்னிக்கு எடுத்துட்டே. இன்னிக்குப் பொறந்த நாளுன்னு போலியைக் கொண்டுவந்து நீட்டறியா? அம்மா பாத்திருந்தா என்ன சொல்லுவா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஐந்து புள்ளிக்காரர்கள். அவர்கள் நரெலைப் பார்த்த பார்வையில் இரக்கமே இல்லை. கெர்ரி குதிரையைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேக் வெட்டப் போனாள்.

நரெல் வேலியோரமாக நின்று குதிரையின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்குப் பக்கத்தில் கறைபோல ஏதோ இருக்கிறதோ? விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பேரி," என்றாள் மெல்ல. "எங்கப்பா ஆடுங்களுக்கு மூணு புள்ளிதானே?"

தட்டோடு நின்ற பேரி, வாயருகே கொண்டுபோன கையை இறக்கினான். தோட்டம் முழுக்க அசைந்த ஐந்து புள்ளிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"இன்னிக்குச் சனிக்கிழமை நரெல்" என்றான். "ஆபீஸ் திங்கக்கிழமைதான் தெறப்பாங்க. எத்தனைன்னு அங்கதான் கேக்கணும்."